அட்டை ரெடி, புத்தகம் எங்கடே?

வாடே தம்பி, உக்காரு. புத்தகம் எழுதப் போறியாமே? சாப்ட்வேர் எழுதுத பிள்ளைகளுக்கு அன்னாடம் உதவுத யோசனைன்னு கேள்விப்பட்டேன். நல்ல காரியம். அட்டைப்படம் கூட ரெடியாமே. பேரும் வச்சாச்சாம், 'கோடிங் பேரொளி'ன்னு. உள்ள என்ன இருக்குன்னு கேட்டா மட்டும் முழிக்கியாம்லா?

பஞ்ச் கார்டு அடுக்குன கைடே இது. எத்தன ஞானியப் பாத்திருக்கேன்! அவுக புத்தகத்துல முதல் அத்தியாயம், கம்ப்யூட்டர் பொறந்த கதை. ரெண்டாவது, பெட்டி பெட்டியா படம், நடுவுல அம்புக்குறி. மூணாவதுல 'சுத்தமா எழுது'ம்பாவ. அழுக்கா எழுதணும்னு எவன்டே ஆசப்பட்டான்? ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக் கெடந்தா அந்த அம்புக்குறியா வந்து தூக்கிவிடும்?

1974-ல கெர்னிகன்னு ஒருத்தரும் அவரு கூட்டாளியும் புரோகிராம் எழுதுத நடையப் பத்தி ஒரு புத்தகம் போட்டாவ. அச்சுல வந்த பாடப்புத்தகங்கள்ல இருந்தே புரோகிராம எடுத்து, 'இந்தா இங்க ஓட்டை'ன்னு காட்டி, திருத்தியும் எழுதி வச்சாவ. வாத்தியாருக எழுதுனதுலயே! அது யோசனை.

1999-ல ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் 'தி ப்ராக்மாட்டிக் புரோகிராமர்' எழுதினாவ. அதுல, டெர்மினல் மேல ரப்பர் வாத்து வச்சுக்கிட்டு வேலை செஞ்ச ஒரு ஆளு வருவாரு. சிரிக்கியா? சிரி. ஆனா வரி வரியா அந்த வாத்துக்கு வெளக்கிப் பாரு, 'அட, தப்பு இங்கல்லா கெடக்கு'ன்னு நீயே சொல்லுவ. புரோகிராமோட பழைய வடிவங்களச் சேத்து வைக்குத 'கிட்'ங்குத கருவி அப்ப கெடையாது, அது வந்தது 2005. ஆனாலும், பழைய வடிவம் எதையும் தொலைக்காம சேத்து வைக்கணும்னு அவுக அப்பவே சொல்லிட்டாவ. பழக்கத்தச் சொன்னாவ, இன்னைக்கும் நிக்கி. நீ என்னடான்னா எந்த மெனுவுல எந்தப் பட்டன்னு முப்பது பக்கத்துக்குப் படம் போடப் போறியாம். அடுத்த அப்டேட்டுல பட்டன் எடம் மாறுனா முப்பது பக்கமும் சுண்டல் மடிக்கத்தான்.

அப்புறம் 'பேக்கப் எடு'ன்னு ஒரு வரியும் எழுதப் போறியாம். பச்சப்புள்ளைக்கும் தெரியுமேடே அது! 2017 ஜனவரி 31 ராத்திரி கிட்லேப்ல நடந்தது தெரியுமா? அடுத்தவுக புரோகிராமப் பத்திரமா வைக்கதே அவுக பொழப்பு. துணை சர்வர்ல அழிக்க வேண்டியத ஒரு இன்ஜினியர் மெயின் சர்வர்ல அழிச்சுட்டாரு. சுமார் 300 ஜிபி டேட்டாபேஸ். பதறிப் போய் நிறுத்தும்போது மிச்சம் நாலரை ஜிபி. சரி, பேக்கப் இருக்கேன்னு போனா, பெட்டி காலி! டேட்டாபேஸ் புது வெர்ஷன், பேக்கப் எடுக்குத கருவி பழைய வெர்ஷன். ரெண்டுக்கும் ஒத்துப் போகாம தோத்துக்கிட்டே இருந்திருக்கு. 'தோத்துட்டேன்'னு அது போட்ட மெயிலையாவது யாரும் பாத்தாவளா? மெயில் சர்வரு வாசல்லயே வெரட்டிருச்சு. ஆறு மணி நேரத்துக்கு முந்தி, வேற சோலிக்காக ஒருத்தர் கையால எடுத்து வச்ச நகல்தான் கடைசில மானத்தக் காப்பாத்துச்சு. ஆனா ஒண்ணு, அவுக மறைக்கல. மீட்குத வேலைய யூடியூப்ல நேரலையாவே காட்டினாவ. ஒங்க ஆபீஸ்ல செய்வாவளா?

குதிருல வெதநெல் கெடக்குன்னா சம்சாரி நம்பிருவானா? நாலு மணிய ஈரத்துணியில முடிஞ்சு, மொளைக்கான்னு பாப்பான்லா? அதனால 'பேக்கப் எடு'ன்னு எழுதாத. 'எடுத்தத மாசம் ஒருக்கா வேற மெஷின்ல ஏத்திப் பாரு, எவ்வளவு நேரம் ஆச்சுன்னு குறிச்சு வையி'ன்னு எழுது.

இன்னொண்ணு. நீயே கமிட் மெசேஜுல 'சரி பண்ணியாச்சு'ன்னு மட்டும் போடுதியாமே? எத சரி பண்ணுன, என்னத்துக்குப் பண்ணுன? ஆறு மாசம் கழிச்சு அதப் படிக்கப் போறது நீதான்டே.

சரி, கெளம்பு. அட்டை அங்கனயே கெடக்கட்டும், ஓடியா போயிரும்? நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒங்க பேக்கப்ப ஒருதடவ ரீஸ்டோர் பண்ணிப் பாரு. வரலேன்னு வையி, ஒன் முதல் அத்தியாயம் கெடச்சாச்சு.