கடையா, களமா?

கேள்வி: நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தென்னேரி விவசாயி விதை, உரமெல்லாம் எந்தக் கடையில் வாங்கியிருப்பார்? (வாசகர் ஒருவர், தென்னேரி)

பதில்: கடைக்கு ஏன் போகப்போகிறார்? விதைநெல் வீட்டுக் குதிரில் இருந்தது. உரத்துக்கு ஏரி வண்டல், ஆட்டுக்கிடை. கலப்பையைச் செதுக்கிய தச்சருக்கும், கொழு அடித்த கொல்லருக்கும், கவலைச் சால் தைத்த தோல் தொழிலாளிக்கும் கூலி, அறுப்பு முடிந்து களத்திலேயே நெல்லாக. அறுப்பு வரைக்கும் கடன், அதுவும் வட்டியில்லாமல்! இன்றைய தவணைக் கம்பெனிக்காரர்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள். உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும்தான் காலணா, அரையணா தேடவேண்டும்.

மாடு செத்தால்தான் வம்பு: புது மாட்டுக்குக் கடன் வாங்கவேண்டும். 1904-லேயே, தென்னேரி இருந்த அதே செங்கல்பட்டு ஜில்லாவில், திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் வந்தது. ஆனாலும் பலருக்கு லேவாதேவிக்காரர்தான் கதி. ஊர் மரக்காலுக்கு எட்டுப் படி. வட்டி நெல் அளக்கும் அவர் மரக்காலுக்கு மட்டும் கொஞ்சம் தொப்பை!