'லவுஞ்ச்' என்னும் வினைச்சொல்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், ஆங்கிலத்தில் 'லவுஞ்ச்' என வழங்கும் வினையின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. 'சோம்பலாகச் சாய்ந்து கிடத்தல்' என ஒரே வரியில் அகராதிகள் இதை முடித்துவிடும். அகராதி தொகுப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து உழைக்கும் இனத்தார். அவர்களிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது முறையன்று.

சொல்லின் பிறப்பு இன்னும் துணியப்படவில்லை. சிலுவையில் இயேசுவின் விலாவில் ஈட்டி பாய்ச்சியதாகச் சொல்லப்படும் வீரன் லாஞ்சினஸின் பெயர், பிரெஞ்சில் மந்தமான ஆளைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்து, ஆங்கிலத்தில் வினையாயிற்று என்பர் ஒரு சாரார். குத்திய பிறகு அவன் அந்த ஈட்டியிலேயே சாய்ந்து நின்றிருப்பான் என்பது எம் உரை. சான்று கேட்பார்க்கு மறுமொழி இல்லை.

வினை என்பது செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆறையும் தரும் என்பது நன்னூலார் கொள்கை. இவ்வினைக்குச் செய்பொருள் கிடையாது. ஏதேனும் செய்து முடிந்துவிட்டால் அது இவ்வினை அன்று. காலம், வேறு வேலை காத்திருக்கும் காலம். கருவி முதுகு. எஞ்சிய மூன்றுமே ஆராயத்தக்கன.

நிலத்துக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு, லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையின் பச்சைத் தோல் பெஞ்சு. 1941இல் குண்டுவீச்சில் அழிந்த அவையை மீண்டும் கட்டியபோது, எல்லா உறுப்பினருக்கும் இடம் இருக்கலாகாது என்று வாதாடியவர் சர்ச்சில். அவை நெருக்கமாக இருந்தால்தான் விவாதம் சூடுபிடிக்குமாம். இன்று உறுப்பினர் 650 பேர், இருக்கை ஏறத்தாழ 430. முக்கியமான நாளில் பலர் படியில் உட்காருவர், சிலர் நிற்பர். ஆகவே அங்கே ஒருவர் காலை நீட்டினால், அது பிறர் இடத்தில் நீட்டிய கால்.

செய்பவருள் மூத்தவர் லார்டு நார்த். 1770 முதல் 1782 வரை பிரதமராக இருந்து, எதிர்க்கட்சியினர் தம்மைத் திட்டும்போதே கண்ணயர்ந்தவர். அடுத்து, பின்னாளில் பிரதமரான பால்ஃபர், இவர் இடுப்பால் அன்றித் தோள்பட்டையால் உட்காருபவர் என்று பெயரெடுத்தவர். ஆயினும் இத்துறையில் முடிசூடியவர் ஜேக்கப் ரீஸ்-மோக். 2019 செப்டம்பர் 3 இரவு, பிரெக்சிட் விவாதத்தின் நடுவே, அப்போது அவை முன்னவராயிருந்த அவர் முன்வரிசைப் பெஞ்சில் நெடுக நீண்டு கிடந்தார். "நிமிர்ந்து உட்கார்" என்று எதிர்வரிசையில் கூச்சல். அன்றிரவு வாக்கெடுப்பில் அரசு 301க்கு 328 என்று தோற்றது. எதிர்த்து வாக்களித்த சொந்தக் கட்சிக்காரர் 21 பேரை நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கவும் செய்தது. சாய்ந்தது அவர் மட்டும் அன்று.

அற்றேல், அப்பெஞ்சுகளின் முதுகில் ஒலிபெருக்கிகள் பதிக்கப்பட்டுள்ளனவே, சாய்தல் கேட்டற்பொருட்டு ஆகாதோ எனின், அற்றன்று. கேட்பதற்குத் தலையைச் சாய்த்தால் போதும். ஒலிபெருக்கியில் முழங்காலை வைத்துக் கேட்டார் எவரும் இலர்.

இனிச் செயல். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அதே உடம்பை அதே கோணத்தில் பூங்கா பெஞ்சில் கிடத்துக. பையில் காசு இல்லை எனவும் கொள்க. வினை மாறிவிடும். நெப்போலியன் போர்களிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் வேலையின்றித் தெருவில் நின்ற காலத்தில், 1824இல், இதே நாடாளுமன்றம் நாடோடிகள் சட்டம் இயற்றியது. பிழைக்க வழியில்லாமல் திறந்தவெளியில் படுத்து, அதற்குத் தக்க காரணமும் சொல்லமாட்டாதவனுக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல். ரீஸ்-மோக்கிடம் யாரும் காரணம் கேட்டுச் சிறைக்கு அனுப்பவில்லை. கேலிப்படம் போட்டதோடு விட்டார்கள். ஆகவே, முதுகு எவ்வளவு சாய்ந்தது என்பது இவ்வினைக்கு இலக்கணம் ஆகாது. அடியிலிருக்கும் பெஞ்சு யாருடையது என்பதே இலக்கணம். வீடும் வருவாயும் உள்ளவனுக்கே இவ்வினை விகுதி ஏற்கும். இல்லாதவன் 'லாய்ட்டர்' (வேலையின்றிச் சுற்றி நிற்றல்) என்னும் வேறு வினைக்கு உரியவன், அதை ஓட்டும் பொறுப்பு போலீஸ்காரருடையது.

புறனடை: இவ்வினை பெயராகி விமான நிலையத்திலும் வழங்கும். 'லவுஞ்ச்' எனப் பலகை தொங்கும் அக்கூடத்தில் எவரும் சாய்ந்து கிடப்பதில்லை. மின்செருகி இருக்கும் நாற்காலியைப் பிடித்து, விளிம்பில் அமர்ந்து, அறிவிப்புத் திரையையே பார்த்திருப்பர். எனவே அது காரணப்பெயர் அன்று, இடுகுறிப்பெயர் என்க.