அழகு பற்றிய வாதத்தில் தோற்காமல் இருக்கச் சில யோசனைகள்

சிலை, ஓவியம், கச்சேரி என எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கழன்றுகொள்ள ஒரே ஒரு வாக்கியம் போதும்: “அழகெல்லாம் அவங்கவங்க பார்வையைப் பொறுத்தது சார்.” சொல்லி முடித்ததும் உதட்டைப் பிதுக்க வேண்டும். எதிராளி வாயடைத்துப் போவார். அந்தச் சிலையை நின்று பார்க்கும் வேலையும் உங்களுக்கு மிச்சம். இந்த வாக்கியத்தின் உண்மையான பயன் அதுதான்.

துணைக்கு ஆள் வேண்டுமென்று ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு’ என்பதை மட்டும் இழுக்காதீர்கள். கேட்க நம் கட்சி மாதிரிதான் இருக்கும். ஆனால் குஞ்சு கறுப்பு என்பது ஊருக்கே தெரியும், காக்கைக்கு மட்டும் தெரியாது; பழமொழி சிரிப்பதே அதைப் பார்த்துத்தான்.

பழமொழிக்குப் பதில் சரித்திரத்தை எடுங்கள். 1910-இல் லண்டனில், ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் கூட்டத்தில், ஜாவாவைச் சேர்ந்த ஒரு புத்தர் சிலையின் படத்தைக் காட்டி, கொழுப்புப் போட்டு அவித்த புட்டிங்குக்கும் இதே சாந்தம் உண்டு என்கிற பொருளில் பேசினார் சர் ஜார்ஜ் பேர்ட்வுட். சாதாரண ஆளில்லை: பெல்காமில் பிறந்தவர், பம்பாயில் வேலை பார்த்தவர், இந்தியக் கைத்தொழில்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவரைக் கண்டித்து டைம்ஸ் பத்திரிகைக்கு 13 பேர் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். இன்னொரு பக்கம், பிரெஞ்சுச் சிற்பி ரோடான். இந்தியப் பக்கமே வராதவர். சென்னை அருங்காட்சியகத்து நடராஜர் திருமேனிகளைப் புகைப்படத்தில் பார்த்தே சொக்கிப்போய் எழுதினார். அவர் இறந்த பிறகு, 1921-இல் அது அச்சேறியது. “பார்த்தீர்களா, இங்கேயே இருந்தவருக்குப் புட்டிங், வராதவருக்குத் தெய்வம்” என்று ஒரு போடு போடுங்கள். அது ஜாவா, இது சோழ நாடு என்று யாராவது குறுக்கிட்டால் பலமாக இருமுங்கள்.

ரோடானைப் படித்தவர் எவராவது கூட்டத்தில் இருந்தால்தான் சிக்கல். அந்த மனிதர் கால், நிழல், உடலின் விளிம்பு என்று சிலையில் இருப்பதையே ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டிக்கொண்டு போகிறார். பேர்ட்வுட் தொட்டுக்காட்டியது புட்டிங்கை. இந்த வித்தியாசம் சபையில் எழும் முன்பே காபி சொல்லிவிடுங்கள்.

சுவாமிமலைப் பக்கம் போகவே வேண்டாம். தென்னை ஓலையை மடித்து அளவெடுத்து, மெழுகில் உருப்பிடித்து, காவிரி வண்டலைப் பூசும் ஸ்தபதியிடம் நம் வாக்கியம் எடுபடாது. ‘எல்லாம் சாஸ்திர அளவுதானே, அப்புறம் என்ன அழகு?’ என்று மடக்கலாம்தான். அவர் அதே அளவில் வார்த்த இரண்டு விக்கிரகங்களை எதிரே வைத்து, எதில் இடுப்பு விறைத்திருக்கிறது என்று கேட்டுவிட்டால்? சட்டென்று உங்கள் விரல் ஒன்றை நோக்கி நீளும். கையைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். (கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனபோது, ஐம்பது புடவையைப் புரட்டிப்போட்டு ‘இது கொஞ்சம் பகட்டு’ என்று தள்ளிவிட்ட விஷயத்தையும் வெளியே விடாதீர்கள்.)

கடைசியாக, தஞ்சாவூர். அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் நிற்கிறார். 1011-ஆம் ஆண்டு வார்ப்பு. பாம்புகளோடு சுற்றிய தலைப்பாகை போன்ற சடை, ஒன்றன் குறுக்கே ஒன்றாகப் போட்ட கால்கள். ஒரு கை காளையின் மேல் சாய்ந்திருக்கிறது. காளை இல்லை. எப்போதோ தொலைந்துபோனது. ஆனால் முழங்கை மடங்கிய விதமும், விரல்கள் தளர்ந்து தொங்கும் விதமும், உடம்பு பாரத்தை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்திருக்கும் விதமும் காளையின் உயரத்தைக்கூடச் சொல்லிவிடும். பக்கத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளையும் அதே உயரத்தில்தான் கையைக் காட்டும். அதையும் அவங்கவங்க பார்வையென்று சொல்லிச் சமாளிப்பது கஷ்டம்.

வேறு வழியில்லாமல் உள்ளே போக நேர்ந்தால், பெயர்ப்பலகையை வாசியுங்கள், முதுகைக் காட்டி செல்ஃபி எடுங்கள், நடையைக் கட்டுங்கள். சுற்றிப் போய்ப் பின்பக்கம் பார்க்காதீர்கள். “காளை எங்கேங்க?” என்று மட்டும் காவலரிடம் கேட்டுவிடாதீர்கள்.