செல்ஃப் எடுக்கல!

பட்டுப்புடவை கசங்காமல் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தாயிற்று. நான் சாவியைத் திருகினேன். 'டக்' என்றது. மறுபடி திருகினேன். 'டக் டக் டக்' என்று பல்லி சொன்னது போல ஒரு சத்தம். பல்லி சொன்னாலாவது பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருக்கும்.

"என்னங்க, முகூர்த்தம் ஒன்பது மணிக்கு."

"செல்ஃப் எடுக்கல."

"உங்களுக்கா, வண்டிக்கா?"

ஆட்டோவில் போய் அட்சதை போட்டுவிட்டு வந்ததும் விசாரணையைத் தொடங்கினேன். வீட்டில் எது பழுதானாலும் குடும்பத் தலைவனின் முதல் கடமை, பழியை யார் தலையில் போடலாம் என்று பார்ப்பதுதானே? பையன் வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டான் என்றேன். அவன் ஹாஸ்டலுக்குப் போய் மாதம் இரண்டாகிறது. எதிர்வீட்டுக் கண் என்று எலுமிச்சம்பழம் கட்டினேன். உள்ளே கந்தக அமிலம், வெளியே எலுமிச்சை அமிலம். அப்படியும் உயிர் வரவில்லை. கடைசியில் கொடைக்கானலுக்கு வண்டியை இரவல் வாங்கிப்போன மைத்துனன்தான் கெடுத்தான் என்று தீர்ப்பு எழுதினேன்.

மைத்துனன் வந்து பானெட்டைத் திறந்தான். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வாசலின் தடவினான். தன் வண்டியை முட்டுவது போல நிறுத்திக் கேபிளை மாட்டினான்.

"சிவப்பு ரெண்டு பிளஸ்ஸுக்கும் அத்தான். கருப்புல ஒரு முனை என் பேட்டரி மைனஸ்ல. மறு முனையை உங்க பேட்டரில வைக்காதீங்க, எஞ்சின் இரும்பைக் கடிக்க விடுங்க. பேட்டரியிலிருந்து கேஸ் வரும், பொறி பட்டா வம்பு."

வண்டி உறுமியது. அடுத்த ஞாயிறு மறுபடி பல்லி. "பேட்டரி செத்துப்போச்சு" என்று நானே அறிவித்து, ஐந்தாயிரத்துச் சொச்சத்துக்குப் புதுசு வாங்கினேன். பழையதை மைத்துனன் தூக்கிக்கொண்டான். எடைக்குப் போட்டால் பஜ்ஜிக்காவது ஆகுமே என்று விட்டுவிட்டேன்.

புதுசும் அடுத்த ஞாயிறு படுத்தது. அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு தடவையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றித்தான் ஓட்டினேன்.

அப்போதுதான் துப்பறியும் மூளை விழித்தது. வண்டியில் நான் பொருத்தியிருந்த கேமரா இருக்கிறதே! நிறுத்தி வைத்திருக்கும்போதும் எது அசைந்தாலும் படம் பிடிக்கும். நாலு வாரப் பதிவையும் போட்டுப் பார்த்தேன். திங்கள் இரவு, பானெட் மேல் பூனை. செவ்வாய், பூனை. புதன், பூனை தன் வாலை நக்குகிறது. வியாழன் இரவு பத்தரைக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நாலு வாரமும் அதே வியாழன். திருடன் கெட்டிக்காரன், கேமராவை அணைத்துவிட்டுத்தான் கை வைக்கிறான் என்று முடிவு கட்டி, ஒரு வியாழன் இரவு டார்ச்சும் தடியுமாகத் திண்ணையில் படுத்தேன். வந்தது பூனைதான்.

மறுநாள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பையனைக் கூப்பிட்டேன். பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து மீட்டரை வைத்தான். 12.6 வோல்ட். "ஆறு செல், செல்லுக்கு 2.1. பேட்டரி தங்கம் சார்." எஞ்சின் ஓட, 14.2. "டைனமோவும் நல்லா ஊட்டுது." பிறகு எஞ்சினை நிறுத்தி, மைனஸ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்தான். வண்டியைப் பூட்டி அரை மணி தூங்கவிட்டான்.

"தூங்குற வண்டி 0.05 ஆம்பியருக்கு மேல குடிக்கக் கூடாது. இது 0.35 குடிக்குது. உங்க பேட்டரி 35 ஆம்பியர் அவர். வகுத்துப் பாருங்க, நூறு மணி நேரம்."

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் ஞாயிறு மாலை ஆறிலிருந்து நூறு மணியை எண்ணினேன். வியாழன் இரவு பத்து.

"வாரம் ஒருக்கா தெப்பக்குளம் வரைக்கும் போய்ட்டு வந்தா, ஸ்டார்ட்டுக்குச் செலவானதே திரும்ப ஏறாது சார்" என்றபடி ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ரேடியோ, அசையவில்லை. ஹாரன், அசையவில்லை. அடுத்ததைப் பிடுங்கியதும் மீட்டர் 0.02-க்கு இறங்கியது.

"இதுல கூடுதலா ஒரு ஒயர் சொருகியிருக்கே. கேமராவுக்கா? சாவி போட்டாத்தான் கரண்ட் வர்ற ஃபியூஸ்ல கொடுக்கணும். இல்லைன்னா பேட்டரி இறங்கினதும் தானா நிறுத்துற சின்னப் பெட்டி போடணும். எந்தப் படிக்காதவன் சார் இதைப் போட்டான்?"

நான் மாமரத்தைப் பார்த்தேன். அந்தப் பெட்டிக்குக் கடைக்காரர் நானூறு ரூபாய் கூடக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, வீடியோ பார்த்து நானே ஒயர் சொருகிய ராத்திரி நினைவுக்கு வந்தது. வேலி பயிரை மேய்ந்திருக்கிறது. வேலி போட்டவன் திண்ணையில் தடியோடு காவல் இருந்திருக்கிறான்.

வாசலில் நின்ற மனைவி, "திருடனைப் பிடிக்கத்தானே கேமரா வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பையன் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னான்: அடியோடு தீரத் தீர, உள்ளே ஈயத்தட்டில் சல்பேட் கெட்டிப்பட்டுப் பேட்டரியின் ஆயுள் குறையுமாம். அவன் வாய் முகூர்த்தம், போன ஞாயிறு மறுபடி பல்லி. இந்தத் தடவை புதுசு நிஜமாகவே போய்விட்டது. மைத்துனன் கேபிளோடு வந்தான்.

"உன் பேட்டரி மட்டும் எப்படிடா இத்தனை நாள் தாங்குது?"

கேபிளை மாட்டிக்கொண்டே சொன்னான்: "இது உங்க பழசுதான் அத்தான்."