விளக்கம் சொல்லத் தெரிந்தவன்

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் முதலில் என்னிடம்தான் சொல்வார்கள். திருத்துவேன் என்ற நம்பிக்கையில் இல்லை, குடும்பத் தலைவனுக்குக் கொடுக்கிற மரியாதை. நானும் போய், பழுதான சாமானுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, அது ஏன் பழுதானது என்று விலாவாரியாக விளக்குவேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்பார்கள். பிறகு மகள் வந்து திருத்திவிடுவாள்.

இந்தத் திறமை தானாக வந்ததில்லை, முறையாகப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கிய பொடியன்களில் நானும் ஒருத்தன். அதற்குப் பிறகு புத்தளத்துப் பக்கம் ஓர் ஓலைக் கொட்டிலில் படிப்பு. அங்கேதான் ‘வாழ்க்கைத் திறன்’ என்றொரு பாடம் என்னைப் பிடித்துக்கொண்டது. கொட்டிலில் மின்சாரம் கிடையாது, பாடமோ மின்சாரம். சேர் கரும்பலகையில் ஓர் ஆளியைக் கீறுவார், ஒரு மின்குமிழைக் கீறுவார், இரண்டையும் கோட்டால் தொடுப்பார். கடைசியில் மஞ்சள் சோக்கை எடுத்துக் குமிழைச் சுற்றிக் கதிர் கதிராகக் கீறுவார். விளக்கு எரிந்துவிட்டது! நானும் கொப்பியில் அப்படியே கீறினேன். என் கையால் தொடுத்து ஒழுங்காக எரிந்த விளக்கு இன்றுவரை அது ஒன்றுதான்.

அடுத்தது செயற்றிட்டம். உள்ளூர் மூலப்பொருளில் ஏதாவது செய்து கொண்டுவா என்றார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பனையோலைப் பாய் கைவந்த கலை. ஊரை விட்டு வந்த இடத்திலும் உம்மா அதை விடவில்லை. குருத்தோலையைக் காயவைத்து, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் அவித்தெடுத்து, சிவப்பும் பச்சையுமாக ஒரு பாயை இழைத்து முடித்தா. நான் அதைச் சுருட்டித் தோளில் வைத்துக் கொண்டுபோனேன். சேர் கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னேன். இழைத்தது உம்மா, விளக்கியது நான், புள்ளி எனக்கு. அன்றைக்கே யாராவது என்னை முகாமைத்துவப் பிரிவில் சேர்த்துவிட்டிருக்கலாம்.

வாப்பாவின் கதை வேறு. 1972இல் கல்விச் சீர்திருத்தம் என்று கொண்டுவந்து, ‘தொழில் முன்னிலைப் பாடம்’ என்ற பெயரில் அந்தந்த ஊர்த் தொழிலைப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்கத் தொடங்கினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வாப்பாவுக்குக் கிடைத்த தொழில் மீன்பிடி. “வலையிலயிருந்து தப்பத்தானடா நான் பள்ளிக்கூடம் போனன். அங்கயும் வலையைத் தந்து பொத்தச் சொன்னாங்க” என்பார். 1977இல் ஆட்சி மாறியது, பாடமும் போனது. தேர்தலால் தனக்கு நேரடியாகக் கிடைத்த ஒரே நன்மை அதுதான் என்பது வாப்பாவின் அரசியல் கருத்து.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி வீடு கட்டிய பிறகுதான் என் படிப்புக்கு உண்மையான சோதனை வந்தது. மனைவி கோழிக்கூடு கேட்டா. தச்சு பாஸிடம் வாயால் சொல்லிவிட்டால் முடிகிற வேலை. படித்தவன் அப்படிச் சொல்லலாமா? தாளும் அடிமட்டமும் எடுத்து உட்கார்ந்து, முன்பக்கத் தோற்றம், அதற்குப் பக்கத்தில் பக்கத் தோற்றம், முதற்கோண முறைப்படி கீழே மேற்றோற்றம் என்று சுத்தமாகக் கீறி, அளவும் போட்டு நீட்டினேன். பாஸ் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு சேர். மூண்டு கூட்டையும் ஒரேயடியா செய்யவா?”

விளக்கினேன். எறியம் என்றால் என்ன, ஒரே பொருளை ஏன் மூன்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். பாஸ் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அடுத்த கிழமை இரண்டு கூடு வந்தது. ஒன்றைக் குறைத்தது என் விளக்கத்தின் வெற்றி.

மகள் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு. 2013இல் தொடங்கிய பிரிவு அது. தொழினுட்பத்திற்கான விஞ்ஞானம், பொறியியற் தொழினுட்பவியல் என்று பெயரைக் கேட்டாலே எனக்கு வேர்க்கிற பாடங்கள். அவள் அந்தப் பாடங்களை எடுத்தது என்னைப் பார்த்துத்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். “ஓம், இவரைப் பார்த்துத்தான். வீட்டுல ஒருத்தருக்காவது தெரியணும் எண்டு” என்று மனைவி மீதியைச் சொல்லி முடித்தா.

போன சோழகக் காற்றில் ஒரு மஃரிப் நேரம் வீடு முழுக்க இருட்டு. எங்கள் மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ என்று 30 காற்றாலைகள் நின்று 103.5 மெகாவாட் மின்சாரத்துக்குச் சுழல்கின்றன. அதில் ஒரு குமிழுக்கு வேண்டியது கூட என் வீட்டுக்குள் வர மறுத்தது. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், விழுந்தது. இன்னும் பலமாகத் தூக்கினேன், இன்னும் பலமாக விழுந்தது. சரி என்று மின்செருகி ஒன்றைக் கழற்றினால், உள்ளே கபில நிறத்தில் ஒரு கம்பி, நீலத்தில் ஒன்று, பச்சையும் மஞ்சளுமாக ஒன்று. நான் படித்தது உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமல் கறுப்பு. கொட்டிலில் மனப்பாடம் செய்த இரண்டு நிறத்தையும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிவிட்டிருந்தார்கள்.

“வாப்பா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ” என்று மகள் வந்தாள்.

தள்ளி நின்றபடியே நான் தொடங்கினேன்: “போற மின்னோட்டமும் திரும்பி வாற மின்னோட்டமும் சமனா இருக்கணும் மகள். 30 மில்லியம்பியர் எங்கயாவது கசிஞ்சாலே இது விழுந்திரும்.” சத்தியமாக அது சரியான விளக்கம். அவளும் “ஓம் வாப்பா” என்றாள். சொல்லிக்கொண்டே சின்ன ஆளிகள் எல்லாவற்றையும் இறக்கி, ட்ரிப் சுவிட்சைத் தூக்கி, பிறகு ஒவ்வோர் ஆளியாக மேலே போட்டாள். கிணற்று மோட்டாருடைய ஆளியைப் போட்டதும் எல்லாம் விழுந்தது. அவ்வளவுதான், கள்ளன் பிடிபட்டான். உப்புக் காற்றில் மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. மெயினை நிறுத்திவிட்டுத் துடைத்துக் காயவைத்து, அரித்துப்போன முனையை வெட்டிப் புதிதாகச் சீவிப் பூட்டினாள். வெளிச்சம் வந்தது. நான் விளக்கத்தின் இரண்டாம் பாகத்துக்கு வந்திருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் என் படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொட்டிலில் கம்பியும் இல்லை, குறடும் இல்லை. வாய் மட்டும் இருந்தது, அதற்குப் புள்ளி போட்டார்கள். மகளின் கையில் குறட்டைக் கொடுத்துப் பூட்டு, கழற்று, திரும்பப் பூட்டு என்றார்கள். எதைத் தந்தார்களோ அதில்தான் இரண்டு பேரும் கெட்டிக்காரர் ஆனோம்.

ஆகையால், உங்கள் வீட்டிலும் தொழினுட்பம் படிக்கிற பிள்ளை இருந்தால், குறட்டைத் தயங்காமல் அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். வாப்பாமாருக்கு ஒரு டோர்ச் லைற் போதும். அதையும் பிள்ளை சொல்கிற பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள்.