கேள்வி - பதில்: முதலில் விடுதலை, பிறகு கட்டளை

சின்னசேலம் வாசகர்: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து இறந்தவர்களைக் கடவுள்தான் தண்டித்தார் என்று எங்கள் பக்கம் ஒருவர் பிரசங்கம் செய்கிறார். சரியா?

தவறு. சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தபோது, ஊரிலேயே அவர்கள்தான் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டார். இல்லை என்று பதிலும் அவரே சொன்னார் (லூக்கா 13). மனந்திரும்பச் சொன்னது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களை. கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும், மூச்சை அடைக்கும். கலந்தவன் மனிதன், விற்றவன் மனிதன், தெரிந்தும் வாய் திறக்காதவர்களும் மனிதர்கள். அவர்கள் குற்றத்தைத் தூக்கிக் கடவுள் தலையில் போடுவதற்குப் பிரசங்கம் என்று பெயர் வைக்கக் கூடாது.

தியாகதுருகம் வாசகி: குடித்துச் செத்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் கொடுத்தது. ஒழுங்காக உழைப்பவருக்கு என்ன கிடைத்தது?

திராட்சைத் தோட்டத்தில் விடிகாலையிலிருந்து வேலை செய்தவர்களும் இப்படித்தான் முணுமுணுத்தார்கள் (மத்தேயு 20). பேசிய கூலி அவர்களுக்குக் குறையவில்லை. கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் முழுநாள் கூலி கிடைத்ததுதான் உறுத்தியது. அந்தக் காசு ஒரு வீட்டின் ஒருநாள் சாப்பாடு; தாமதமாக வேலை கிடைத்தவர் வீட்டிலும் பசி அதே பசிதான். இங்கே பணம் போய்ச் சேர்ந்தது குடித்தவருக்கு அல்ல, அவர் விட்டுப்போனவர்களுக்கு. அப்பா, அம்மா இருவரையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்த பிள்ளை எந்தக் கட்டளையை மீறியது?

உளுந்தூர்பேட்டை வாசகர்: எல்லாம் கிருபை என்றால் பத்துக் கட்டளை எதற்கு?

யாத்திராகமத்தை வரிசையாகப் படியுங்கள். செங்கடலைக் கடப்பது 14-ம் அதிகாரம். கட்டளைகள் வருவது 20-ம் அதிகாரம். ஒழுங்காக இருந்தால் விடுவிக்கிறேன் என்று எகிப்தில் கடவுள் நிபந்தனை வைக்கவில்லை. முதலில் விடுதலை, பிறகுதான் கட்டளை. விடுதலையானவர்கள் இன்னொருவரை அடிமையாக்காமல் வாழ்வதற்கே சட்டம். அதனால்தான் ஓய்வுநாள் எஜமானுக்கு மட்டுமில்லை, வேலைக்காரருக்கும் மாட்டுக்கும் உண்டு. நாடு 1947-ல் விடுதலை பெற்றும், 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது கல்வராயன் மலை. அங்கே கூலியில்லாமல் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கட்டளையின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சங்கராபுரம் வாசகர்: சாராயம் விற்றவன் மனந்திரும்பினால் கடவுள் மன்னிப்பாரா?

மன்னிப்பார். வழக்கும் நடக்கும். சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19). உன் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொன்னது முதலில். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலு மடங்கு என்று சகேயு சொன்னது அதற்குப் பிறகு. ஆடு திருடியவன் ஒன்றுக்கு நாலாகத் தர வேண்டும் என்பது மோசேயின் சட்டம். யாரும் தீர்ப்பு எழுதும் முன்பே அதைத் தன்மேல் தானே விதித்துக்கொண்டார் சகேயு. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை என்று 2024-லேயே தமிழக அரசு சட்டத்தைத் திருத்திவிட்டது. உண்மையில் மனந்திரும்பியவர் நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்வார். சாட்சியைக் கலைக்க மாட்டார்.

வெள்ளிமலை வாசகர்: மலைக்காரன் என்றாலே சாராயம் காய்ச்சுபவன் என்கிறார்களே?

சிலருடைய குற்றத்தை மலை முழுவதற்கும் எழுதி வைப்பது பொய்ச்சாட்சி. அதுவும் பத்துக் கட்டளையில் இருக்கிறது. கருணாபுரச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம், அடிப்படை வசதிகள் பற்றி வழக்கு எடுத்தது. இரக்கம் சட்டப் புத்தகத்தின் வழியாகவும் மலையேறும்.

திருக்கோவிலூர் வாசகி: எல்லாரும் கிருபையால் மீட்கப்பட்டோம் என்கிறார்கள். சபைக்குள் சாதி மட்டும் போகவில்லையே?

இந்தச் சண்டை நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. சாதி ஒரு சமூக வழக்கம், சுவிசேஷம் அதை மெல்ல மெல்லக் கரைக்கும், கட்டாயப்படுத்தக் கூடாது என்றது லைப்சிக் மிஷன். அதை ஏற்காமல் விலகினார் அதன் மிஷனரி கார்ல் ஓக்ஸ். 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்தபடி டேனிஷ் மிஷனோடு சேர்ந்தார். ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேரிலிருந்து வளர்ந்தது. நான் ஓக்ஸ் பக்கம். அந்தியோகியாவில் பேதுரு புறஇனத்தாரோடு சாப்பிடாமல் ஒதுங்கியபோது பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார் (கலாத்தியர் 2). ஆலயத்தில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துவிட்டு வீட்டில் தனித் தம்ளர் வைப்பவர் கிருபையைப் பெற்றுக்கொள்ளவே இல்லை.

ரிஷிவந்தியம் வாசகர்: கிருபை விஷயத்தில் கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் இன்னும் சண்டைதானா?

அடிப்படையில் இல்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால்தான் மீட்பு. நற்செயல் அதன் கனி என்று ஒப்புக்கொண்டன.

கள்ளக்குறிச்சி வாசகி: சரி, நான் என்ன செய்யட்டும்?

உங்கள் தெருவில் குடியால் ஆளை இழந்த வீடு ஒன்று இருக்கும். ஏன் குடித்தார் என்று கேட்காமல் உள்ளே போங்கள். விதவை உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுங்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று பாருங்கள். அதே தெருவில் சாராயப் பாக்கெட் விற்பவர் யார் என்று தெரிந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். முதலாவது கிருபை, இரண்டாவது சட்டம். கிறிஸ்தவருக்கு இரண்டும் கடமை; ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.