நாலு கம்பெனி, ஒரே கேள்வி

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று மூன்றரை வருஷத்தில் நாலு கம்பெனி ஆகிவிட்டது. "ஏன் இத்தனை இடம் மாறினீங்க?" என்று இன்டர்வியூவில் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. முதல் மூன்றும் ஒப்பந்த வேலை. என்ன சொல்வது?
– ஓர் இளைஞர், கே.ஜி.கண்டிகை

பதில்: தம்பி, பதில் உங்கள் கேள்வியின் கடைசியில்தான் இருக்கிறது. அதை முதலில் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 1981-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. தொழிலாளியைக் காப்பாற்ற வந்த சட்டம். ஆனால், 480-ஐ எட்டவிடாமல் பதினோராம் மாதத்திலேயே கணக்கு முடித்து அனுப்பும் வழக்கமும் கூடவே வளர்ந்துவிட்டது. நின்று பிடிக்காதது அந்த வேலை. பழி மட்டும் உங்கள் தலையில் விழுகிறது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

ரெஸ்யூமில் கம்பெனி பெயருக்குப் பக்கத்திலேயே "ஒப்பந்தம், 11 மாதம், முடிந்தது" என்று போட்டுவிடுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே அடங்கிவிடும். ஒரே ஏஜென்சி இரண்டு கம்பெனிக்கு அனுப்பியிருந்தால் ஏஜென்சியை மேலே போட்டு, கம்பெனிகளை அதன்கீழ் எழுதுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை. நேரில் இவ்வளவு போதும்: "சார், முதல் மூணும் ஒப்பந்தம், காலம் முடிஞ்சுது, ரிலீவிங் லெட்டர் கையில இருக்கு. பிரஸ் ஷாப்ல டை மாத்தக் கத்துக்கிட்டேன், அப்புறம் வெல்டிங் லைன் பார்த்தேன். நாலாவதை நானாத்தான் விட்டேன். வாடகை போக சம்பளத்துல எதுவும் மிஞ்சல." சொல்லி முடித்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து அவர் கேட்கட்டும்.

கேள்வி: ஓர் இடத்தில் இரண்டே மாதம்தான் இருந்தேன். அதை மட்டும் மறைத்துவிடலாமா?
– திருவாலங்காடு வாசகர்

பதில்: பி.எஃப். பிடித்தார்களா? பிடித்திருந்தால் மறைக்க முடியாது. 2014 முதல் எத்தனை கம்பெனி மாறினாலும் ஆளுக்கு ஒரே பி.எஃப். பொது எண், அதாவது யு.ஏ.என். சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். இன்டர்வியூவுக்கு முன்னால் நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தவர்போலத் தெரியும். கடைசித் தவணை கட்டி இரண்டு மாதம் கழிந்திருந்தால் அந்தத் தேதியை நீங்களே இணையத்தில் பதியலாம்.

கேள்வி: சூபர்வைசரோடு சண்டை போட்டு வந்தேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்?
– திருத்தணி வாசகர்

பதில்: ஒரு வரியில் சொல்லுங்கள்: "வேலை முறையில் ஒத்துப்போகவில்லை." சண்டைக்கு இரண்டு பக்கம் உண்டு. விலாவாரியாகச் சொன்னால், மறுபக்கத்தை இன்டர்வியூ எடுப்பவர் தானே கற்பனை செய்துகொள்வார்.

கேள்வி: நம்ம ஊரில் பிறந்த ராதாகிருஷ்ணனும் அடிக்கடி வேலை மாறியவர்தானே? அவரை உதாரணம் காட்டலாமா?
– தனியார் பள்ளி ஆசிரியை, திருத்தணி

பதில்: மாறியவர்தான். 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1918-இல் மைசூர், 1921-இல் கல்கத்தா, 1931-இல் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1936-இல் ஆக்ஸ்ஃபோர்ட், 1939-இல் காசி இந்துப் பல்கலைக்கழகம், 1949-இல் மாஸ்கோவில் தூதர். ஆனாலும் காட்டாதீர்கள். அவரைப் பெரிய பெரிய இடங்கள் கூப்பிட்டுக்கொண்டன. பள்ளி விட்டுப் பள்ளி மாறும் தனியார் ஆசிரியருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ராதாகிருஷ்ணனிடம் எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது. மைசூரிலும் கல்கத்தாவிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் அவர் நடத்தியது தத்துவம்தான். நீங்கள் மாறிய இடங்களுக்கெல்லாம் ஊடே ஓடுகிற பாடம் எது, வகுப்பு எது? அங்கிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.

கேள்வி: ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் வேலைக்கு முயல்கிறேன். வீட்டில் தெலுங்கும் பேசுவோம். சொல்லலாமா?
– பொதட்டூர்பேட்டை வாசகர்

பதில்: கட்டாயம். 1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மண் இது. இரண்டு மொழியும் பேசும் ஆள் ஷிஃப்டில் இருந்தால், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளும் இந்தப் பக்கத்து ஆளும் ஒரே மெஷினில் தடுமாறாமல் வேலை பார்க்கலாம்.

கேள்வி: பையன் எங்கேயும் நிலைக்கவில்லை என்று ஊரே பேசுகிறது. திருத்தணி மலைப்படி 365-உம் ஏறி வேண்டிக்கொண்டு வந்தேன். இனி என்ன செய்ய?
– தறிக்காரர் வீட்டு அம்மா, அம்மையார்குப்பம்

பதில்: வேண்டுதல் வீண்போகாதும்மா. ஊர் பேச்சை விடுங்கள். பையனை உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிடுகிறானா? பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். அது ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. பழைய கணக்கைப் புதியதோடு மாற்றிக்கொண்டே வந்தால் பதினொரு மாதம், எட்டு மாதம் எல்லாம் கூடிக்கொண்டே போகும். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த சர்வீஸ் போயிற்று. அடுத்த வேலையில் சேருகிற வாரமே பழைய யு.ஏ.என். எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள்.